டம்ளரில் உறைந்த தண்ணீர்

அந்த அறைக்குள் அவர் ஒரு நாளும் செருப்போடு போனதில்லை. கேட்டால், அது வீடு என்பார்.

அது வீடே இல்லை. பொம்மசந்திராவில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருந்த ஒரு தகர அறை. பக்கத்தில் இன்னொரு அறை. அந்த இன்னொரு அறையை எந்திரம் வைத்து மைனஸ் இருபது டிகிரி வரை குளிர வைக்கலாம். அதாவது அது வெளிநாட்டுத் தெரு. இது அந்தத் தெருவில் இருக்கும் வீடு. வீட்டுக்குள் சூடான காற்றை ஊதும் ஃபர்னஸ் ஒன்றும், சுவரில் இருந்துகொண்டு அறையின் சூட்டைப் பார்த்து அதை ஏவுகிற தெர்மோஸ்டாட் ஒன்றும் இருக்கும். வேறு எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, தினசரி காலண்டர் இருந்தது, முக்காலி மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. எல்லாம் அவர் கொண்டுவந்து வைத்தது.

"டெஸ்ட் ரூமுக்கு எதுக்குங்க்கா டம்ளர்?" என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"வீடுன்னா குடிக்கத் தண்ணி வேணாவா?" என்றார்.

எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். தமிழர்களுக்கும் அக்கா, கன்னடக்காரர்களுக்கும் அக்கா. அவரைவிட வயதில் மூத்த எங்கள் மேனேஜருக்கும் அக்காதான். பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "இன்னாத்துக்கு தம்பி என் பேரைப் போய் இழுத்துனு" என்று சண்டைக்கு வருவார். அப்போது அவருக்கு நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். ஒல்லியான உடம்பு. ஏப்ரல் வெயிலிலும் கழற்றாத அரைக்கை ஸ்வெட்டர். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. ஐ.டி.ஐ. படித்துவிட்டு, பதினோரு வருடமாக அதே கூடத்தில் கான்ட்ராக்ட் டெக்னீஷியனாக இருந்தார். பிறந்தது கோலார் தங்கவயல். குடியிருந்தது ஆஸ்டின் டவுன்.

நான் பவானிக்காரன். பெங்களூருக்கு வரும்போது ஒரு பெட்டியும், ஒரு பட்டமும், என்னைவிட்டால் ஆளில்லை என்ற நினைப்பும் கொண்டுவந்திருந்தேன். முதல் இரண்டும் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. மூன்றாவதைப் பறித்துக்கொண்டவர் அக்கா.

எங்கள் வேலையே ஒரு வேடிக்கைதான். பெங்களூரில் ஃபேன்கூடப் போடாமல் பாதி வருடத்தை ஓட்டிவிடலாம். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, பனி கொட்டுகிற நாடுகளின் வீடுகளுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டிருந்தோம். எங்களில் ஒருவருமே பனியைப் பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் பார்த்ததோடு சரி.

அக்காவிடம் ஒரு குணம் உண்டு. ஒரு காரியத்தைப் பற்றியோ ஒரு ஆளைப் பற்றியோ தகவல் வரவில்லை என்றால், அதை முடிந்துபோனதாக அவர் எடுத்துக்கொள்ளவே மாட்டார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து, போன் சார்ஜ் போடக்கூடத் தெம்பில்லாமல் இரண்டு நாள் ரூமில் கிடந்தேன். மூன்றாம் நாள் போனபோது என் மேஜையில் டிபன் பாக்ஸ் இருந்தது. வாராவாரம் புதன்கிழமை மட்டும் எனக்கென்று எலுமிச்சை சாதம் கொண்டுவருவார். அன்று புதன்கிழமை இல்லை.

"முந்தாநாளு கொண்டாந்தேன். நேத்தும் கொண்டாந்தேன். நீங்க வர்ல. சாயந்திரம் நானே துன்னுட்டு போனேன்," என்றார்.

"நான் வரமாட்டேன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குங்க்கா மறுபடி கொண்டு வந்தீங்க?"

"வர மாட்டேன்னு நீங்க சொன்னீங்களா? சொல்லலையே!"

இப்படித்தான் பேசுவார். கம்பெனி வாசலில் இருந்த வயதான செக்யூரிட்டி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார். அவருக்காகப் பத்து நாள் பிளாஸ்க்கில் ஒரு கப் டீ மிச்சம் வைத்திருந்தார் அக்கா. பதினோராம் நாள் யாரோ வந்து அவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். "அத்த முன்னாலேயே சொல்லியிருந்தா டீயாவது மிஞ்சியிருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு, அன்றோடு நிறுத்திக்கொண்டார். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. பின்னால் போய் நடித்தும் காட்டுவோம். நான்தான் நன்றாக நடிப்பேன் என்று பெயர்.

அவருடைய அண்ணன் ஒருவர் எப்போதோ வடக்கே எங்கேயோ வேலைக்குப் போனவர், பிறகு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தது அக்காவின் ஆஸ்டின் டவுன் வீட்டு லேண்ட்லைன் நம்பர் மட்டும்தான். அதற்காக, தெருவில் எல்லோரும் அந்தப் பழைய போன்களைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அக்கா கொடுக்கவில்லை. தினமும் காலையில் கிளம்பும் முன் ரிசீவரை எடுத்து, உள்ளே ரீங்காரம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் பிடிக்க வருவாராம். இதை அவர் சொன்னபோது மட்டும் நான் சிரிக்கவில்லை.

சோதனைக்காக அறைகள் குளிர்ந்து நிலைக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் அந்தத் தகர வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, தங்கவயல் கதை ஒன்று சொன்னார்.

"எங்கப்பா அண்டர்கிரவுண்டு வேலை. சில நாளு கீழ பாறை வெடிக்கும். மேல எங்க லைன் வீடெல்லாம் ஒரு குலுக்கு குலுக்கும் பாருங்க, பாத்திரமெல்லாம் உருண்டுனு வரும். சங்கு ஊதுவாங்க. பொம்பளைங்க எல்லாம் சுரங்கத்துல எறங்குற ஷாப்ட்டு வாசலுக்கு ஓடுவாங்க. எங்கம்மா மட்டும் போவாது. அடுப்பாண்ட உக்காந்துக்கும். அப்பா குளிக்க வைக்கிற வெந்நி அடுப்பு. அதை அணைக்கவே அணைக்காது."

"ஏங்க்கா?"

"சேதி வர்ற வரைக்கும் அணைக்கக் கூடாதும்பாங்க எங்க லைன்ல. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, வந்தப்புறம்தான் அணைக்கணும். நாமளே முந்திக்கிட்டு அணைச்சிட்டா, ஆளு இல்லைன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும் இல்லையா? ஒரு வாட்டி ரெண்டு நாளு சேதி இல்லை. விறகு தீந்துபோச்சு. நான் படிக்கிற பலகையை ஒடைச்சு வச்சிடுச்சு அம்மா. நான் அழுதேன், பலகைக்காக."

"அப்பா வந்தாரா?"

"வந்துச்சு. தலையெல்லாம் மண்ணு. வாசல்ல நின்னுனு முதல்ல இன்னா கேட்டுச்சு தெரியுமா? தண்ணி சூடா கீதான்னுச்சு." அக்கா சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டார். "அம்மா அப்பதான் அழுவுது."

நான் நல்ல கதை என்று தலையாட்டிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் தோன்றியது.

தெர்மோஸ்டாட்டுகள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. பழைய தெர்மோஸ்டாட்டில் வேலைக்கு ஒரு ஒயர். வெள்ளை ஒயர் சூட்டுக்கு, மஞ்சள் குளிருக்கு, பச்சை ஃபேனுக்கு. தெர்மோஸ்டாட் செத்தே போனாலும், சிவப்பு ஒயரையும் வெள்ளை ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் ஃபர்னஸ் பற்றிக்கொள்ளும். அக்கா அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். நாங்கள் புதிதாகச் செய்துகொண்டிருந்தது தகவல் பேசும் தெர்மோஸ்டாட். நான்கே ஒயர். அதன் வழியே தெர்மோஸ்டாட்டும் ஃபர்னஸும் வெளியே நிற்கும் குளிர் எந்திரமும் ஒன்றுக்கொன்று எண்களாகச் செய்தி அனுப்பிக்கொள்ளும். அறையில் என்ன சூடு, அடுப்பு எத்தனை பங்கு எரிய வேண்டும், ஃபில்டர் அடைத்திருக்கிறதா, எல்லாமே பேச்சுவார்த்தையில் தீரும். அழகான சரக்கு. ஆனால் பேச்சு அறுந்துவிட்டால் முறுக்கிவிட வெள்ளை ஒயர் கிடையாது.

பேச்சு அறுந்தால் ஃபர்னஸ் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியவன் நான். அரை நிமிடம் செய்தி வராவிட்டால் அணைந்துவிட வேண்டும். நம் வீடுகளில் கீசரோ மோட்டாரோ எது தகராறு செய்தாலும் நாம் முதலில் செய்வது மெயினை அணைப்பதுதானே? அணைந்துவிட்டால் ஆபத்தில்லை என்பது என் தலையில் ஊறிப்போன விஷயம். அதை எழுதும்போது நான் யோசிக்கக்கூட இல்லை.

சோதனை அன்று அக்கா ஒயரைப் பிடுங்கினார். அரை நிமிடத்தில் ஃபர்னஸ் அணைந்தது. நான் சந்தோஷமாகக் கைதட்டினேன்.

"அணைஞ்சிடுச்சு. அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்னங்க்கா? சர்வீஸ்காரன் வந்து பார்ப்பான்."

"அவன் வர்ற வரைக்கும்?"

"ஸ்வெட்டர் போட்டுக்குவாங்க."

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த குளிர் பெங்களூர் டிசம்பர். காலையில் பால் வாங்கப் போகிறவர் குரங்குக் குல்லா போட்டிருப்பாரே, அந்தக் குளிர்.

"அணைக்காதீங்க தம்பி. சிம்ல வைங்க," என்றார் அக்கா, குழம்பைப் பற்றிச் சொல்வது போல.

"ரூம்ல எவ்வளவு சூடுன்னே தெரியாம எப்படி எரிய விடறது? வீடே பத்திக்கும்."

"தெர்மோஸ்டாட் சொல்லலைன்னா போவுது. ஃபர்னஸுக்குள்ள காத்து திரும்பி வர்ற வாயில ஒரு சென்சார் கீதில்ல? அதைக் கேட்டுக்க சொல்லுங்க. ரொம்ப ஜில்லுன்னா கொஞ்சம் எரியட்டும். போதும்னா நிக்கட்டும்."

அவர் சொன்னது சரி. சொன்ன அந்த நிமிடமே அது எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதை, ஒயர் பிடுங்குகிறவர் நின்ற இடத்திலிருந்தே திருத்தினால்? "அது உங்க வேலை இல்லீங்க்கா. பத்து நிமிஷம் பாருங்க, அணைஞ்சுதா இல்லையான்னு டிக் போடுங்க, அவ்வளவுதான்," என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சரிங்க சார்," என்றார். தம்பி போய் சார் வந்துவிட்டது.

பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய சோதனையை அவர் முடிக்கவில்லை. ஒயரைப் பிடுங்கியபடியே விட்டு, பக்கத்து அறையின் குளிர் எந்திரத்தையும் ஓடவிட்டு, அறைகளைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். பிறகு கம்ப்யூட்டரில் இருந்த ரிப்போர்ட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் தன் ஆங்கிலத்தில் அடித்து வைத்தார். டம்ளர் வாட்டர் பிகம் ஐஸ். நாட் ஓகே ஃபார் ஹவுஸ்.

அந்த ரிப்போர்ட் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போக வேண்டியது. அனுப்புகிறவன் நான்.

நான் ஏன் அதை அழித்தேன் என்பதை இத்தனை வருடத்தில் எனக்கு நானே பலவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தப்பை மறைக்க என்றால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மை அதைவிடக் கேவலம். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இங்கிலீஷ், அந்த டம்ளர். அவ்வளவு பெரிய கம்பெனிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, பெங்களூரில் டம்ளர் வைத்தா சோதனை செய்கிறார்கள் என்று சிரித்தால் என்ன ஆவது? இரண்டு வரியையும் அழித்துவிட்டு, பாதுகாப்பாக அணைந்தது உறுதிசெய்யப்பட்டது என்று நல்ல ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அழித்ததை அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் அனுப்பிய ரிப்போர்ட்டின் நகல் எல்லோருக்கும் போகும், அவருக்கும் போனது. அவர் அதைப் படித்துவிட்டார் என்பது அடுத்த புதன்கிழமை எனக்குத் தெரிந்தது. எலுமிச்சை சாதம் வழக்கம்போல வந்தது. டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டு, ஏதோ கேட்கப் போகிறவர் போல ஒரு நிமிடம் நின்றார். நான் தலை தூக்கவில்லை. போய்விட்டார். அதற்கடுத்த புதனும் வந்தது. அதற்கடுத்ததும்.

சரக்கு விற்பனைக்குப் போன முதல் குளிர்காலம் முடிந்து வாடிக்கையாளரிடமிருந்து ஒரு போன் வந்தது. எங்கோ ஒரு வீட்டில் எலி ஒயரைக் கடித்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் ஊரில் இல்லை. செய்தி நின்றதும் ஃபர்னஸ் நான் எழுதியபடி ஒழுங்காக அணைந்துகொண்டது. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்து, திரும்பி வந்தபோது வீடு முழுக்க வெள்ளம். உயிர்ச்சேதம் இல்லை. அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வியாழக்கிழமை மீட்டிங். பெரிய திரையில் அந்தப் பக்கத்து இன்ஜினியர், நரைத்த தாடிக்காரர், கோபப்படாமல் கேட்டார். அணைந்த பிறகு அந்த வீடு என்ன ஆகிறது என்று உங்களில் ஒருவர்கூடக் காத்திருந்து பார்க்கவில்லையா?

அறையில் மேனேஜர், நான், கடைசி நாற்காலியில் அக்கா. அவர் மடியில் ஒரு நீளவாட்டு நோட்டு இருந்தது. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிய பிறகும், சோதனையில் பார்த்ததையெல்லாம் தேதி போட்டு அந்த நோட்டிலும் எழுதுவார். டம்ளரும் ஐஸும் அதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மேனேஜர் திரும்பி அவரைப் பார்த்தார். "ஏனக்கா, நீங்க ஏதும் நோட் பண்ணலியா? ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பில் ஏதோ தேடுவது போல நடித்தேன். நடிப்பில்தான் எனக்குப் பெயராயிற்றே.

அவர் நோட்டைத் திறக்கவில்லை. "பாத்து சொல்றேன் சார்," என்றார்.

மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் அக்காவிடம் எனக்கும் கேட்கும்படிதான் சொன்னார். அந்த மாதம் அக்காவைப் பெர்மனென்ட் ஆக்குவதற்கான காகிதம் தயாராக இருந்தது. அதை நிறுத்தி வைக்கிறார். விசாரணை முடியும் வரை கூடத்துக்கு வர வேண்டாம், அநேகமாக கான்ட்ராக்டும் அத்தோடு சரி. அக்கா தலையாட்டினார். தகர வீட்டு வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, பிளாஸ்க்கையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனார். பதினோரு வருடம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெட்கங்கெட்டவன் என்று என்னை யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்தத் தகர அறைக்குள் போனேன். எந்திரம் ஓடாததால் வெளியில் இருக்கும் சூடுதான் உள்ளேயும். முக்காலி மேல் டம்ளர் இருந்தது. அதில் புதுத் தண்ணீர் இருந்தது. போகிற அன்றும் ஊற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குனிந்து பார்த்தேன், என் காலில் ஷூ இருந்தது. வெளியே வந்து கழற்றிவிட்டு மறுபடி போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அழுதேன்.

சனிக்கிழமை காலை ஆஸ்டின் டவுனுக்குப் பஸ் ஏறினேன். அக்கா வீட்டுத் தெருமுனையில் ஒரு பேக்கரி. அதன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மேனேஜருக்கும், நரைத்த தாடிக்காரருக்கும், இன்னும் யார் யாருக்கோ ஒரு மெயில் எழுதினேன். டெக்னீஷியன் ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தார், எழுதியும் வைத்தார், அழித்தது நான். அவர் எழுதிய இரண்டு வரியையும் அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் கீழே போட்டேன். அங்கே குடித்த டீக்குக் காசு கொடுத்தேனா என்று ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல என்னிடம் வேறு ஒன்று இருக்கிறது. புதன்கிழமை அக்கா வேலைக்கு வந்தார், மாதக் கடைசியில் பெர்மனென்டும் ஆனார். என்னை வேலையைவிட்டுத் தூக்குவார்கள் என்று நினைத்தேன், தூக்கவில்லை. ஒரு வருடம் வேறு கட்டடத்தில் எழுத்துப் பிழை திருத்துகிற வேலையில் போட்டார்கள். அதுவும் எனக்குத் தகும். அங்கே போகும் முன், சிம்மில் எரிகிற ஏற்பாட்டை நானும் அக்காவும் சேர்ந்துதான் சோதித்தோம். ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுநாள் காலை போய்ப் பார்த்தால், டம்ளரில் தண்ணீர் தண்ணீராக இருந்தது. அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டிக் போட்டார்.

இப்போது அந்த நான்கு ஒயரும் குறைந்துகொண்டே வருகிறது. தெர்மோஸ்டாட்டும் ஃபர்னஸும் காற்றிலேயே பேசிக்கொள்கின்றன. செல்போனில் விரலைத் தேய்த்தால் கண்டம் விட்டுக் கண்டம் ஃபர்னஸ் பற்றிக்கொள்கிறது. நான் எழுதியதில் பாதியை மாற்றிவிட்டார்கள், மீதியைத் தூக்கியே எறிந்துவிட்டார்கள். செய்தி நின்றால் அணையாதே, சிம்மில் இரு என்ற அந்த ஒரு பகுதி மட்டும் ஒவ்வொரு புதுத் தெர்மோஸ்டாட்டுக்கும் மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. போன குளிர்காலத்தில் எங்கோ ஒரு வீடு இரண்டு நாள் தொடர்பில்லாமல் கிடந்ததாகப் பதிவு வந்தது. உள்ளே பன்னிரண்டு டிகிரி. குழாய் எதுவும் உடையவில்லை, யாரும் புகார் செய்யவில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கு ஆஸ்டின் டவுனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அக்கா ஓய்வு பெற்று ஓசூர்ப் பக்கம் மகளோடு போய்விட்டார். லேண்ட்லைனை எடுத்துக்கொண்டு போக முடியாதே என்பதுதான் அவருக்கு ஒரே வருத்தம். பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு, அண்ணன் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் என் செல் நம்பரைக் கொடுங்கள் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனாராம். ஓசூர் வீட்டிலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நான் போகிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பேக்கரி பெஞ்சிலிருந்து எழுந்து போய் கதவைத் தட்டினேன். மெயிலைப் பற்றி அக்காவுக்குத் தெரியாது. வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க," என்றார். சார் என்றும் சொல்லவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை. சின்ன ஹால். மூலையில் அந்தப் பழைய போன், மேலே குரோசே துணி போட்டு மூடியிருந்தது. ஹாலிலிருந்து பார்த்தால் சமையலறை தெரியும். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, மேடை துடைத்து, சமையல் எப்போதோ முடிந்திருந்தது. ஆனால் கேஸ் அடுப்பில் ஒரு பக்கம் நீலமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு அலுமினியக் குண்டானில் வெறும் தண்ணீர்.

அதைப் பார்த்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை.

"நான்தாங்க்கா அழிச்சேன்," என்றேன். "நீங்க எழுதினதை. அன்னிக்கு மீட்டிங்லயும் சொல்லாம இருந்துட்டேன். இப்பத்தான் எல்லாருக்கும் எழுதி அனுப்பிட்டு வர்றேன். தெருமுனையில உக்காந்து." மேலே என்ன சொல்வதென்று தெரியாமல், "நோட்டு உங்க மடியிலயே இருந்துச்சே, ஏங்க்கா நீங்க திறந்து காட்டலை?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிடுவீங்கன்னு உக்காந்துனு இருந்தேன்," என்றார் அக்கா.

பிறகு சமையலறைக்குப் போனார். அடுப்பின் குமிழைத் திருகும் சத்தம் கேட்டது. நீலம் அடங்கியது. அவர் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

"தண்ணி சூடாத்தான் கீது தம்பி," என்றார் திரும்பாமலே. "காபி கலக்கட்டா?"